பெல்ட்டில் சுற்றும் மோட்டாரும் ஃபோர்-லோ கியரும்

டொயோட்டா தன் 2.8 லிட்டர் டீசல் இன்ஜினோடு 48 வோல்ட் மோட்டார் ஒன்றைச் சேர்த்துப் பல நாடுகளில் விற்கிறது. ஐரோப்பாவில் அந்த வண்டிக்கு ‘ஹைலக்ஸ் ஹைபிரிட் 48 வோல்ட்’ என்று பெயர். ஆஸ்திரேலியாவில் அதே ஏற்பாட்டை ‘வி-ஆக்டிவ்’ என்கிறார்கள். ஹைபிரிட் என்ற சொல்லை அங்கே அதற்கு வைக்கவில்லை. 2025 ஜூனில் ஃபார்ச்சூனரிலும் லெஜண்டரிலும் ஏறி இந்தியாவுக்கு வந்தபோது அது ‘நியோ டிரைவ்’ ஆனது. இன்ஜின் ஒன்று, மோட்டார் ஒன்று, பெயர் மூன்று.

இந்தப் பெயர்க் குழப்பம் வாங்க வருகிறவர்களையும் விடுவதில்லை. காடு மேடு போக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுக்க நினைக்கும் நண்பர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, “ஹைபிரிட் எடுக்கலாமா, சாதா இன்ஜினே போதுமா?” என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் மைல்டு ஹைபிரிட் (இன்ஜினுக்கு ஒரு சின்ன மின்மோட்டார் துணை நிற்கும் ஏற்பாடு) எந்த இடத்தில் கைகொடுக்கும், எந்த இடத்தில் கைவிரிக்கும் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரடுமுரடான மேட்டில் வண்டியை ஏற்றுவது டிரான்ஸ்ஃபர் கேஸும் (இன்ஜினின் விசையை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் பெட்டி) டயரும்தான். மைல்டு ஹைபிரிட் என்பது ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் உழைக்கிற சாமான். இப்படிச் சொல்வதற்கான காரணம் எளிய கணக்கிலேயே இருக்கிறது.

சாதா இன்ஜின் ஒன்றின் பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் ஒரு பெல்ட் தெரியும். இன்ஜின் ஓடும்போது அந்த பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்றும். ஆல்டர்னேட்டர் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். மைல்டு ஹைபிரிட்டில் ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் கொஞ்சம் பெரிய மோட்டார்-ஜெனரேட்டர் உட்கார்ந்திருக்கும். அது இரண்டு வேலையும் பார்க்கும். பிரேக் பிடிக்கும்போதும் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுக்கும்போதும் கரண்ட் தயாரித்து ஒரு சின்ன லித்தியம் பேட்டரியில் சேர்த்து வைக்கும். வண்டி கிளம்பும்போது அதே கரண்டை வாங்கி, பெல்ட் வழியாக இன்ஜினுக்கு ஒரு தள்ளு கொடுக்கும். சிக்னலில் அணைந்த இன்ஜினை அதிர்வில்லாமல் மறுபடி எழுப்பும். அவ்வளவுதான். இந்த மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நேர் உறவு கிடையாது. இன்ஜினை விட்டுவிட்டு இது மட்டும் தனியாக வண்டியை இழுத்துக்கொண்டு போகாது.

48 வோல்ட் என்ற எண் எங்கிருந்து வந்தது? டொயோட்டாவின் இந்த மோட்டார் அதிகபட்சம் 12 கிலோவாட், அதாவது 16 குதிரைத்திறன் தரும். 12 கிலோவாட்டை வழக்கமான 12 வோல்ட்டில் எடுக்க வேண்டும் என்றால் 1,000 ஆம்பியர் ஓட வேண்டும். அதைத் தாங்கும் வயரைப் பானெட்டுக்குள் வளைத்து நுழைப்பதே பெரும்பாடு. வோல்ட்டை நான்கு மடங்காக்கினால் ஆம்பியர் 250-க்கு இறங்கிவிடும். சரி, அப்படியானால் 100 வோல்ட், 200 வோல்ட் என்று போகலாமே? நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினால் அது ஆளைத் தாக்கும் ஆபத்துள்ள வகையில் சேர்ந்துவிடும். ஆரஞ்சு நிற கேபிள், தனி இன்சுலேஷன், அதற்கென்று பயிற்சி பெற்ற மெக்கானிக் என்று செலவு ஏறும். 60-க்குக் கீழே நின்றுகொண்டு எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கில் பிறந்ததுதான் 48.

மாருதியின் மைல்டு ஹைபிரிட் இதைவிடச் சின்னது. 2015-ல் சியாஸ் டீசலில் ‘எஸ்எச்விஎஸ்’ என்று வந்து, இப்போது ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்ற பெயரில் பிரெஸ்ஸா, எர்டிகா, கிராண்ட் விட்டாரா என்று பரவியிருப்பது 12 வோல்ட் வகை. மோட்டாரின் சக்தி 2 கிலோவாட் சுற்றுவட்டாரம். வீட்டில் துணி இஸ்திரி போடும் பெட்டி இரண்டைச் சேர்த்தால் வரும் அளவு. பானெட்டுக்குள் இருப்பது இதுவா 48 வோல்ட்டா என்று பார்க்காமல் ‘ஹைபிரிட்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இனி மேட்டுக்குப் போவோம். கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வண்டி ஏறும் பாதை கேரளப் பக்கம் சூரியநெல்லியில் இருந்து கிளம்புகிறது. சூரிய உதயம் பார்க்க இருட்டிலேயே புறப்படுவார்கள். கொஞ்ச தூரம் தேயிலைக்கு நடுவே பாதை போகும். அப்புறம் பாதை என்று எதுவும் இருக்காது, கல் இருக்கும். ஹெட்லைட் வெளிச்சத்தில் பானை அளவுக் கற்கள் மட்டும் தெரியும். அந்த இடம் வருவதற்கு முன்பே டிரைவர் சின்ன கியர் குச்சியை இழுத்து லோவில் போட்டுவிடுவார். “பிடிச்சுக்குங்க சார்” என்பார். அதற்குப் பிறகு அவர் காலைக் கவனித்தால் ஒன்று தெரியும்: ஆக்ஸிலரேட்டரை அவர் அழுத்துவதே அபூர்வம். இன்ஜின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். முன் டயர் கல்லைத் தொட்டு ஒரு கணம் நிற்கும், மூச்சு வாங்குவது போல. பிறகு மெல்ல அதன் மேல் ஏறி அடுத்த பக்கம் இறங்கும். இறங்கும்போது உள்ளே இருப்பவர்களின் தோள்கள் ஒன்றோடு ஒன்று மோதும். வேகம் நடந்து போகிறவரின் வேகம்.

அந்த இடத்தில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சுமார் 2,200 கிலோ எடையுள்ள ஃபார்ச்சூனர் மாதிரி ஒரு வண்டி, 100 மீட்டர் போனால் 30 மீட்டர் உயரும் சரிவில், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையை மேலே தூக்க மட்டும் தேவைப்படுவது 9 கிலோவாட்டுக்கும் குறைவு, ஏறக்குறைய 12 குதிரைத்திறன். கல்லிலும் கியரிலும் வீணாவதற்கு இன்னொரு மடங்கு சேர்த்துக்கொண்டாலும் 25 குதிரைத்திறனைத் தாண்டாது. இன்ஜினிடம் இருப்பதோ 204. ஆக, அங்கே குதிரைத்திறனுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் வேறு இடத்தில். அவ்வளவு மெதுவாகச் சுற்றும் சக்கரத்துக்கு, இன்ஜின் அணையாமல், போதுமான திருகுவிசையைக் கொண்டுசேர்க்க வேண்டும். சக்தி குறைவு, விசை அதிகம்: ஆஃப்ரோடு ஓட்டுவதன் மொத்தச் சிக்கலும் இதுதான்.

இந்தச் சிக்கலை எஞ்சினியர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இன்னொரு ஜோடி பற்சக்கரத்தை வைத்து, ஃபோர்-லோ போட்டதும் எல்லா கியரையும் இன்னும் சின்னதாக்கினார்கள். மாருதி ஜிம்னியில் இந்த விகிதம் 2-க்கு 1. மஹிந்திரா தாரில் 2.48. ஜீப் ராங்ளர் ரூபிகானில் 4. தார் டீசல் 1,600 ஆர்பிஎம்மிலேயே 300 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது திருகுவிசை, தரும். ஃபோர்-லோ போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருந்து அது 744 நியூட்டன் மீட்டருக்குச் சமமாக வெளிவரும். பேட்டரி இல்லை, வயர் இல்லை, மென்பொருள் இல்லை. எண்ணெயில் முங்கிக் கிடக்கும் சில பற்சக்கரங்கள், அவ்வளவுதான். டொயோட்டாவின் 48 வோல்ட் மோட்டார் அதிகபட்சம் தருவது 65 நியூட்டன் மீட்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேட்டில் யார் வேலை செய்கிறார்கள் என்பதில் சந்தேகம் வராது.

இங்கே கவனமாகப் படிக்கிற ஒருவர் என்னை மடக்கலாம். ஏறுவதற்கு 9 கிலோவாட் போதும் என்றால், மோட்டாரிடம்தான் 12 கிலோவாட் இருக்கிறதே, அதுவே போதாதா? நல்ல கேள்வி. மோட்டார் போதும்; பேட்டரி போதாது. ஹைலக்ஸின் 48 வோல்ட் பேட்டரி 4.3 ஆம்பியர்-அவர் கொள்ளளவு உடையது. எடை ஏழரை கிலோ சொச்சம், ஒரு சின்ன அரிசி மூட்டை அளவு. பெருக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது சுமார் 200 வாட்-அவர், அதாவது மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. முழு வேகத்தில் உறிஞ்சினால் ஒரு நிமிடத்தில் காலி.

அதையே உயரமாக மாற்றிப் பார்க்கலாம். 2,200 கிலோ வண்டியை நேராக மேலே தூக்கினால், எந்த இழப்பும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பேட்டரி சுமார் 35 மீட்டர் தூக்கும். பத்து மாடி. கொழுக்குமலைக்கு ஏறுகிறவர்கள் ஏறுவது பல நூறு மீட்டர். முதல் சில வளைவுகளிலேயே பேட்டரியின் பங்கு முடிந்துவிடும். மீதி மலை முழுவதும் டீசலின் கணக்கு. அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு மைல்டு ஹைபிரிட் வண்டியும் சாதா வண்டிதான்.

இறங்கும்போதும் இதே கணக்கு திரும்பி வரும். “இறக்கத்தில் பேட்டரி சார்ஜ் ஆகுமே, பிரேக்குக்கு வேலை குறையுமே” என்று சிலர் சொல்வார்கள். ஆகும், குறையும், பத்து மாடி உயரம் இறங்கும் வரைக்கும். இழப்புகளைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். பேட்டரி நிரம்பியதும் மோட்டாரின் பிடி விட்டுவிடும். அதற்கப்புறம் வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஃபோர்-லோவில் முதல் கியரின் இன்ஜின் பிரேக்கிங்தான். மலை இறக்கத்தில் புதிதாக ஓட்டுகிறவர்கள் பேட்டரி ஐகானைப் பார்த்துத் தைரியம் கொள்ள வேண்டாம். கியரை இறக்கிப் போடுங்கள். பிரேக் டிரம் காய்ச்சிய வாசனை வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

இவ்வளவும் சொன்னதால் மைல்டு ஹைபிரிட் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நன்றாகச் செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. ஆஃப்ரோடிலும் அது கொஞ்சம் எட்டிப் பார்க்கும். டர்போ டீசல் எதுவும் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பல்தான். டர்போ சுற்ற வெளியேறும் புகை வேண்டும். புகை வர இன்ஜின் சுற்ற வேண்டும். மின்மோட்டார் இதற்கு நேர் எதிர்: நின்ற நிலையிலேயே முழு டார்க் தரும். டர்போ விழிக்கும் வரை ஓரிரு நொடி மோட்டார் தள்ளிவிட்டால் அந்தச் சோம்பல் தெரியாது. நெரிசலில் நின்று நின்று போகும்போது இது காலுக்கே தெரியும். எஸ்டேட் பாதையில் ஒரு பள்ளத்தில் இருந்து மெல்ல எடுக்கும்போதும் தெரியும்.

இன்னொன்று எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம். 48 வோல்ட் மோட்டார் இன்ஜினை அணையாமல் பார்த்துக்கொள்வதால், ஹைலக்ஸில் ஐடிலிங் வேகத்தை (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) 720 ஆர்பிஎம்மில் இருந்து 600-க்குக் குறைத்தார்கள். எண்ணில் பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் ஃபோர்-லோவில் காலை எல்லாவற்றில் இருந்தும் எடுத்துவிட்டு ஊர்ந்து போகும்போது வண்டியின் வேகத்தை முடிவு செய்வது இந்த ஐடிலிங்தான். ஆறில் ஒரு பங்கு குறைந்தால் கல்லின் மேல் டயரை வைக்க ஐந்தில் ஒரு பங்கு அவகாசம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆஃப்ரோடுக்காக மைல்டு ஹைபிரிட்டைப் பாராட்ட வேண்டும் என்றால் நான் இதைத்தான் பாராட்டுவேன். விளம்பரங்களில் இது கடைசி வரியில்கூட வருவதில்லை.

ஸ்டார்ட்-ஸ்டாப் பற்றியும் ஒரு வார்த்தை. சேற்றின் நடுவே இன்ஜின் தானாக அணைந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஃபோர்-லோ போட்டதும் பல வண்டிகள் அந்த வசதியைத் தாமாகவே நிறுத்திவிடும். டேஷ்போர்டில் அதற்கென்று ஒரு பொத்தானும் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

நம் ஊர்ச் சாலைகளில் இந்த விவாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால், ஒரே மாருதியின் இரண்டு வண்டிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தினால் போதும். ஒன்று 2022-ல் வந்த கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. இன்னொன்று 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு ஜிம்னி. இரண்டிலும் 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். கிராண்ட் விட்டாராவில் இருப்பது புதிய கே15சி, மைல்டு ஹைபிரிட்டோடு. ஜிம்னியில் இருப்பது அதற்கு முந்தைய கே15பி, தள்ளிவிட மோட்டார் எதுவும் இல்லாமல். சக்தியில் பெரிய வித்தியாசம் கிடையாது: 103-க்கு எதிராக 105 குதிரைத்திறன், 137-க்கு எதிராக 134 நியூட்டன் மீட்டர்.

மைலேஜில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மேனுவல் கியரில் வந்த ஆல்கிரிப்புக்கு வாகனச் சோதனை அமைப்பான ஏஆர்ஏஐ கொடுத்த சான்று லிட்டருக்கு 19.38 கிலோமீட்டர், ஜிம்னிக்கு 16.94. ஆனால் இந்த இடைவெளி முழுவதையும் ஹைபிரிட்டின் கணக்கில் எழுதுவது சரியல்ல. ஜிம்னி பெட்டி போன்ற உடம்பும், ஏணி மாதிரியான சேஸியும், முன்னும் பின்னும் ஒரே தண்டான ரிஜிட் ஆக்ஸிலும் கொண்டது. காற்றைக் கிழித்துக்கொண்டு போக அது செய்யப்படவில்லை. கே15சி இன்ஜினே எரிபொருளைச் சிக்கனமாக எரிப்பதற்காகத் திருத்தப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகு மீதி என்னவோ அது ஹைபிரிட்டுக்கு.

சேறும் கல்லும் வந்ததும் நிலைமை தலைகீழாகும். கிராண்ட் விட்டாராவில் ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று நான்கு மோடு உண்டு. ஈரமான புல்தரை, மண் சாலை, ஊட்டிப் பக்கம் மழையில் வழுக்கும் தார்ச்சாலை, எல்லாவற்றிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் லோ ரேஞ்ச், அதாவது ஃபோர்-லோ, கிடையாது. பெரிய கல் மேட்டில் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு உறுமவிட வேண்டும். சில நிமிடத்தில் கிளட்ச் எரிகிற வாசனை உள்ளே வரும். ஜிம்னியின் இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மில்தான் முழு டார்க் தரும். ஆஃப்ரோடுக்கு இது அவ்வளவு உகந்த இயல்பு என்று சொல்ல முடியாது. இருந்தும் அந்த வண்டி ஏறுகிறது. காரணம் 1,200 கிலோவை ஒட்டிய எடை, 2-க்கு 1 லோ கியர், பிடிமானம் இல்லாமல் சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து மற்றச் சக்கரத்துக்கு விசையைத் திருப்பும் ஏற்பாடு. ‘ஹைபிரிட்’ என்று எழுதிய வண்டி கீழே நிற்க, எழுதாத வண்டி மேலே போகும். இதை ஹைபிரிட்டின் தோல்வி என்று படிக்கக் கூடாது. லோ கியர் இல்லாததன் விளைவு அது.

அப்படியானால் கம்பெனிகள் எதற்காக இதை ஆஃப்ரோடு வண்டிகளில் வைக்கின்றன? பெரும்பங்கு காரணம் புகைக் கணக்கு. ஒரு கம்பெனி விற்கும் எல்லா கார்களின் கரியமில வாயுவையும் சராசரி போட்டு வரம்பு விதிப்பது இப்போது பல நாடுகளில் நடைமுறை. இந்தியாவின் ‘கேஃப்’ விதிப்படி அந்த வரம்பு 2017-18-ல் கிலோமீட்டருக்கு சுமார் 130 கிராம். 2022-ல் அது 113-க்கு இறங்கியது. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தரும் ஒரு டீசல் எஸ்யூவி கிலோமீட்டருக்கு 240 கிராம் விடுகிறது. ஹைலக்ஸில் டொயோட்டா சொல்லும் 5 சதவீதச் சேமிப்பு கிடைத்தால் 12 கிராம் குறையும். ஓட்டுகிறவருக்கு இது பெரிதில்லை. லட்சக்கணக்கில் விற்கிற கம்பெனிக்குப் பெரிது.

நம் அரசின் பார்வையும் மாறியிருக்கிறது. 2015-ல் மின் வாகனங்களுக்கு மானியம் தரும் ஃபேம் திட்டம் தொடங்கியபோது மைல்டு ஹைபிரிட்டுக்கும் மானியம் கிடைத்தது. 2017 ஏப்ரல் 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. பேட்டரியில் ஓடவே ஓடாத வண்டிக்கு, மின் வாகனத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பங்கு கேட்பது நியாயமில்லை.

தண்ணீரும் சேறும் இந்த மோட்டாரை என்ன செய்யும் என்ற கவலை நிறைய பேருக்கு உண்டு. மின்சாரம், தண்ணீர் என்ற இரண்டு வார்த்தையும் பக்கத்தில் வந்தாலே மனம் பின்வாங்கும். டொயோட்டா ஹைலக்ஸில் மோட்டாரை இன்ஜினின் மேல்பகுதியில் உயர்த்தி வைத்தார்கள், பேட்டரியைப் பின்சீட்டுக்குக் கீழே வைத்தார்கள். 700 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்ற பழைய அளவு அப்படியே இருக்கிறது. லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட் உண்டு. அந்த வண்டி 900 மில்லிமீட்டர் வரை இறங்கும். ஹைபிரிட் இல்லாத தாருக்குச் சொல்லும் அளவு 650. ஆகவே தண்ணீருக்காக மைல்டு ஹைபிரிட்டை ஒதுக்க வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு இடம், அது பெல்ட். சாதா வண்டியில் பெல்ட் ஒரு பக்கம்தான் இழுபடும்: இன்ஜின் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சுற்றும். மைல்டு ஹைபிரிட்டில் ஒரு நொடி இன்ஜின் மோட்டாரை இழுக்கும், அடுத்த நொடி மோட்டார் இன்ஜினை இழுக்கும். அதனால்தான் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் இரட்டைக் கை டென்ஷனர் வைக்கிறார்கள். சேற்றுத் தண்ணீரோடு உள்ளே போகும் மணல் காய்ந்ததும் பெல்ட்டின் பள்ளங்களில் உப்புத்தாள் போல உரசும். காட்டுக்குப் போய் வந்ததும் பானெட்டைத் திறந்து அழுத்தம் குறைந்த தண்ணீரில் பெல்ட் பக்கம் கழுவிவிடுவது எந்த வண்டிக்கும் நல்லது. இதற்கு இன்னும் அவசியம்.

அப்புறம் பழுது. சில வருடங்களுக்கு முன்பு போடி பக்கம் நண்பர் ஒருவரின் பழைய டீசல் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தபோது சார்ஜ் லைட் எரிய ஆரம்பித்தது. சாலையோரம் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. முன்னால் பழைய பேட்டரிகள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் ஆல்டர்னேட்டரைக் கழற்றி ஒரு சாக்கின் மேல் வைத்துப் பிரித்தார். விரல் நுனி அளவு இருந்த கார்பன் பிரஷ் இரண்டும் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. “பிரஷ் போயிருச்சுண்ணே, வேற ஒண்ணுமில்ல” என்று ஒரு தகர டப்பாவைக் கிளறி இரண்டு பிரஷ்ஷை எடுத்து வைத்து, உப்புத்தாளால் துடைத்து, மறுபடி மாட்டினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

48 வோல்ட் மோட்டார்-ஜெனரேட்டரை அப்படிச் சாக்கின் மேல் பிரிக்க முடியாது. அதற்குள் தனி எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. 12 வோல்ட்டுக்கு இறக்கித் தர ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறது. பழுதானால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இன்றைய சாதா டீசலும் அந்தப் பழைய ஜீப் அல்ல. காமன் ரெயில் பம்ப், இன்ஜினை ஆளும் கணினியான இசியு, புகையைச் சுத்தப்படுத்தும் சென்சார்கள் என்று அதுவும் லேப்டாப் இல்லாமல் பேசாத வண்டி ஆகிவிட்டது. ஆகவே “எளிமை வேண்டும், அதனால் சாதா இன்ஜின்” என்ற வாதத்துக்கு 20 வருடம் முன்பு இருந்த எடை இப்போது இல்லை. சாதா இன்ஜின் ஒரு படி எளிது. அந்த ஒரு படிக்கு மதிப்பு எவ்வளவு என்பது நீங்கள் போகும் காட்டுக்கும் சர்வீஸ் சென்டருக்கும் இடையில் எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பொறுத்தது.

பணக் கணக்கு எளிது. ஃபார்ச்சூனர் நியோ டிரைவ் வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 44.72 லட்சம். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்றால் வருடச் செலவு சுமார் 1,360 லிட்டர் டீசல். 5 சதவீதம் மிச்சம் என்றால் 68 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 6,300 ரூபாய். மைல்டு ஹைபிரிட்டுக்காகக் கூடுதலாகக் கொடுப்பது ஒரு லட்சம் என்றாலே அதைத் திரும்ப எடுக்கப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். மைலேஜுக்காக இதை வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஓட்டும் மென்மைக்காக வாங்குகிறேன் என்றால் அது சரியான காரணம். தினமும் நெரிசலில் போகிறவருக்கு அது பணம் கொடுக்கத் தகுந்ததுதான்.

ஜீப் கம்பெனியின் அனுபவம் இதோடு சேர்ந்து போகிறது. 2018 ராங்ளரில் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோலோடு ‘இ-டார்க்’ என்ற 48 வோல்ட் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் அதே இன்ஜின் இ-டார்க் இல்லாமலே விற்பனைக்கு வந்தது. 270 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டரும் அப்படியே இருந்தன. பாறையில் ஏறும் திறனில் ராங்ளரின் பெயர் அதனால் கெடவில்லை.

அதே ராங்ளரின் ‘4எக்ஸ்இ’ வேறு சாதி. அதில் 17.3 கிலோவாட்-அவர் பேட்டரி இருக்கிறது. ஹைலக்ஸின் பேட்டரி மாதிரி எண்பதுக்கும் மேல் அடுக்கினால்தான் அதற்கு ஈடாகும். மோட்டார் கியர் பெட்டியோடு சேர்ந்தே இருக்கிறது, பெல்ட்டில் தொங்கவில்லை. அதனால் அது இன்ஜினை அணைத்துவிட்டு, டயரின் அடியில் கல் நெரியும் சத்தம் மட்டும் கேட்க, பாறை மேல் ஊர்ந்து போகும். ஆஃப்ரோடில் மின்மோட்டாருக்கு எதிர்காலம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நொடிக்கு நொடி அளந்து கொடுக்கும் டார்க் பாறைக்கென்றே செய்தது போல இருக்கும். அந்த எதிர்காலம் பெரிய பேட்டரியோடும் கியர் பெட்டிக்குள் உட்காரும் மோட்டாரோடும் வரும்.

இப்போதைக்கு நண்பர்களுக்கு நான் சொல்வது: ஷோரூமில் முதலில் கேட்க வேண்டியது லோ ரேஞ்ச் இருக்கிறதா, விகிதம் என்ன. இரண்டாவது, முழு டார்க் எத்தனை ஆர்பிஎம்மில் தொடங்குகிறது. மூன்றாவது டயரும் தரையிலிருந்து உயரமும். இந்த மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால், ஹைபிரிட் வகையா சாதா வகையா என்பதை நீங்கள் வாரத்தில் ஆறு நாள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். டெஸ்ட் டிரைவ் என்றால் பெரும்பாலும் பைபாஸில் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்புவார்கள். அது போதாது. சர்வீஸ் சென்டர் பின்னால் ஒரு சரளை மேடு இருந்தால் அங்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஃபோர்-லோவில் போட்டு, முதல் கியரில் வைத்து, இரண்டு காலையும் பெடலில் இருந்து எடுத்துவிட்டு, வண்டி தானாக எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்று பாருங்கள்.